விரல் நுனியில் ஓர் ஒற்றன்

பிறர் எழுதுவதை அவர் அறியாமல் படித்துவிட வேண்டும் என்னும் ஆசை, எழுத்தின் வரலாற்றோடு சேர்ந்தே வளர்ந்து வந்திருக்கிறது. திருவள்ளுவர் பொருட்பாலில் 'ஒற்றாடல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஒற்று அரசனுக்குத் தேவை என்பதை அவர் மறுக்கவில்லை. ஆயினும், ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்றும், ஒருவரை ஒருவர் அறியாத மூவரின் சொல் ஒத்திருந்தால் மட்டுமே நம்பலாம் என்றும் வரையறுத்தார். இந்த எச்சரிக்கையை மனத்தில் இருத்திக்கொண்டு, நம் காலத்து ஒற்றன் ஒருவனின் வரலாற்றை நாம் எண்ணிப் பார்ப்போம். அவன் கணினியின் விசைப்பலகையில் குடியிருப்பவன்.

தட்டச்சுப் பொறியில் தொடங்கிய கதை

கணினி பரவுவதற்கு முன்பே இக்கதை தொடங்கிவிட்டது. மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதரகத்திலும் லெனின்கிராடு துணைத் தூதரகத்திலும் பயன்பட்ட ஐ.பி.எம். தட்டச்சுப் பொறிகளுள் 16-இல், சோவியத் உளவுத்துறை ஒட்டுக் கருவிகளை மறைத்து வைத்திருந்தது 1984-ஆம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்டது. பொறியின் உள்ளே ஓர் உலோகத் தண்டில் ஒளிந்திருந்த அக்கருவி, எழுத்துருண்டையின் அசைவை உணர்ந்து, தட்டப்பட்ட எழுத்து எதுவெனக் கணித்து, வானொலி அலைகள் வழியே வெளியே அனுப்பியது. கடிதம் இரகசியக் குறியீடாக மாற்றப்படும் முன்பே அது அயலார் கைக்குச் சென்றுவிட்டது. எத்துணை வலிய பூட்டைப் போட்டென்ன? பூட்டுவதற்கு முன்பே திருடன் வீட்டிற்குள் இருந்தான்.

இன்று இதே வேலையைச் செய்ய ஒரு சிறு மென்பொருள் போதும். நாம் அழுத்தும் விசை திரையில் எழுத்தாகத் தோன்றும்போதே, அதன் பிரதி ஒன்றை அது எழுதி வைத்துக்கொள்கிறது. பின்னர் இணையத்தின் வழியே தன்னை ஏவியவருக்கு அனுப்பிவிடுகிறது. சில வங்கிகள் தங்கள் இணையதளங்களில் திரையிலேயே ஒரு விசைப்பலகையைக் காட்டி, சுட்டியால் கடவுச்சொல்லை இடச் சொன்னதன் காரணம் இதுவே.

இதில் மற்றொரு கொடுமையும் உண்டு. புவிசார் குறியீடு பெற்ற நம் அரும்பாவூர் மரச் சிற்பங்களை எண்ணிப் பாருங்கள். சிற்பி தன் பட்டறையிலிருந்து வெளியே அனுப்புவது முடிந்த சிற்பத்தை மட்டுமே. செதுக்கி எறிந்த சிராய்களை அன்று. எழுதுகிறவனும் அப்படியே. சினத்தில் ஒரு வரி எழுதுகிறான். மனம் மாறி அழிக்கிறான். அமைதியான வேறொரு வரியை அனுப்புகிறான். விசை ஒற்றனோ அழித்த வரியையும் சேர்த்து வைக்கிறான். மனிதன் சொல்லாமல் விட முடிவு செய்ததும் அங்கே சாட்சியாகி நிற்கிறது.

இணைய மையங்களின் காலம்

நம் நாட்டில் இச்சிக்கல் பொதுமக்களின் வாசலுக்கு வந்தது, இணைய மையங்கள் பெருகிய காலத்தில்தான். 2006 ஜூலை 11 அன்று மும்பை இரயில்களில் குண்டுகள் வெடித்தன. அடுத்த ஆண்டு, தீவிரவாதிகளைக் கண்டறியும் நோக்கில், அந்நகரின் இணைய மையங்களில் விசைத்தட்டல்களைப் பதிவு செய்யும் மென்பொருளை நிறுவக் காவல்துறை திட்டமிடுவதாகச் செய்தி வெளியாயிற்று. அப்பாவி மக்களின் கடவுச்சொற்களும் வங்கி விவரங்களும் சொந்தக் கடிதங்களும் அதே வலையில் விழுமே என்ற கேள்வியும் உடன் எழுந்தது. 2011-இல் மைய அரசு கொணர்ந்த இணைய மைய விதிகள், வருவோரின் அடையாளச் சான்றையும், அவர்கள் பார்த்த தளங்களின் பதிவையும் ஓராண்டு காக்கச் சொன்னதோடு, தடுப்புப் பலகைகள் நான்கரை அடிக்கு மேல் உயரக் கூடாது என்றும் வரையறுத்தன. பாதுகாப்பு என்னும் நியாயமான தேவைக்கும், தனிமை என்னும் நியாயமான தேவைக்கும் இடையே எல்லைக்கோடு எங்கே என்பதே அன்றும் இன்றும் கேள்வி.

விரகாலூர் மைந்தர்

அக்கேள்வி நமக்கு மிக அண்மையில் வந்து நின்றது. திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937-இல் பிறந்து, ஜார்க்கண்டின் பழங்குடி மக்களுக்காக உழைத்த இயேசு சபைக் குரு ஸ்டேன் சுவாமி, பீமா கோரேகான் வழக்கில் 2020 அக்டோபர் 8 அன்று கைதானார். நடுக்குவாத நோயுற்றிருந்த அவர், பிணை கிடைக்காமலே 2021 ஜூலை 5 அன்று, தம் 84-ஆம் வயதில் மும்பை மருத்துவமனையில் உயிர் நீத்தார்.

அவருடைய கணினியின் பிரதியை ஆய்ந்த ஆர்சனல் கன்சல்டிங் என்னும் அமெரிக்கத் தடயவியல் நிறுவனத்தின் அறிக்கை 2022 டிசம்பரில் வெளிவந்தது. 2014 முதல் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் அக்கணினி அயலார் பிடியில் இருந்தது என்றும், அவர் எழுதாத ஆவணங்கள் அதில் இரகசியமாக வைக்கப்பட்டன என்றும், 2019 ஜூன் 12 அன்று காவல்துறை அதைக் கைப்பற்றுவதற்கு முந்தைய இரவு தடயங்களை அழிக்கும் முயற்சி நடந்தது என்றும் அது கூறியது. அதற்குப் பயன்பட்ட நெட்வயர் என்னும் நச்சுநிரல், விசைத்தட்டல்களைப் பதிவு செய்யவும் கோப்புகளைப் புகுத்தவும் வல்லது. ஏவியவர் யார் என்று அவ்வறிக்கை பெயர் சுட்டவில்லை. இத்தகைய தனியார் அறிக்கைகளைத் தேசியப் புலனாய்வு முகமை ஏற்கவுமில்லை. ஆயினும் ஒன்று நமக்குத் தெளிவாகிறது: பிறர் எழுதுவதைப் படிக்க முடிந்த கை, அவர் எழுதாததை அவர் பெயரில் வைக்கவும் முடியும். ஒற்றனின் சொல்லைச் சரிபார்க்க வேண்டும் என்ற வள்ளுவரின் எச்சரிக்கை இங்கே உயிர் பெறுகிறது.

சட்டமும் மனச்சான்றும்

1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் செய்திகளை இடைமறிக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. தொலைபேசி ஒட்டுக்கேட்புக்கு உச்ச நீதிமன்றம் 1996-இல் நெறிமுறைகள் வகுத்தது. 2017 ஆகஸ்டு 24 அன்று, ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதில் அரசு தலையிட வேண்டுமாயின் சட்டமும், நேரிய நோக்கமும், அளவறிந்த செயலும் வேண்டும் என்றது. பிறர் கணினியில் அனுமதியின்றி இத்தகைய மென்பொருளைப் புகுத்துவது, தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. எனினும் அரசு தன் அமைப்புகளுக்கு விலக்களிக்க அதில் இடமுண்டு.

திருச்சபையும் இதை அறியாததன்று. 1215-இல் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், ஒப்புரவில் கேட்டதை வெளியிடும் குருவுக்குக் கடுந்தண்டனை விதித்தது. இன்றைய திருச்சபைச் சட்டத்தின் 220-ஆம் எண், எவருடைய நற்பெயருக்கும் அந்தரங்க உரிமைக்கும் ஊறு செய்யலாகாது என்கிறது. மனிதன் தானே மனமுவந்து திறக்கும் கதவு மனச்சான்று. அதைப் பின்புறமாக உடைப்போருக்கு அங்கே உரிமை இல்லை.

இதை அரசுக்கு மட்டும் உரிய பாடமாக நாம் கருதிவிடலாகாது. மனைவியின் கைப்பேசியில் ஒற்று மென்பொருளை வைக்கும் கணவனும், பணியாளர் அறியாமல் அவர் தட்டுவதையெல்லாம் பதிவு செய்யும் முதலாளியும் அதே தவற்றையே செய்கிறார்கள். பிள்ளைகளைக் காப்பது பெற்றோரின் கடமை. ஆனால் அவர்களிடம் சொல்லிவிட்டுக் கண்காணிப்பது வேறு, ஒளிந்து நின்று படிப்பது வேறு. நம் ஊர்களில் விண்ணப்பம் நிரப்பக் கணினி மையத்திற்குச் செல்லும் எளியோர், கடவுச்சொல்லையும் கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணையும் நம்பிக்கையோடு சொல்லிவிட்டு வருகிறார்கள். பொதுக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்காதிருக்கவும், வீடு திரும்பியதும் கடவுச்சொல்லை மாற்றவும் படித்த இளைஞர்கள் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கட்டும். அயலார் சொல்லைக் காப்பதும் அயலாரைக் காப்பதேயாகும்.