553 டாலரில் எழுந்த படகு

தனி ஆளாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்த முதல் மனிதர் ஜோஷுவா ஸ்லோக்கம். இது பலருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் அந்தப் படகு அவருக்கு எப்படிக் கிடைத்தது தெரியுமா?

வருடம் 1892. நீராவிக் கப்பல்கள் பெருகிவிட்டதால் பாய்மரக் கப்பல் கேப்டன்களுக்கு வேலை கிடைக்காத காலம். 48 வயது ஸ்லோக்கமும் அப்படித்தான் கரையில் உட்கார்ந்திருந்தார். ஒரு பழைய நண்பர் கப்பல் ஒன்றைச் சும்மாவே தருவதாகவும், கொஞ்சம் ரிப்பேர் இருப்பதாகவும் சொன்னார். அமெரிக்காவின் ஃபேர்ஹேவன் ஊருக்குப் போய்ப் பார்த்தால், 7 வருடமாக வயலில் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்த 'ஸ்ப்ரே' என்ற பழைய படகு! அதை உடைக்க ஆள் வந்துவிட்டது என்றுதான் ஊரார் நினைத்தார்கள்.

கையில் பணம் இல்லை. அருகில் நின்ற ஓக் மரத்தை வெட்டி அடிக்கட்டை செய்தார். கட்டைகளை நீராவியில் வேகவைத்து வளைத்து விலாச் சட்டங்கள் ஆக்கினார். பைன் பலகைகளை அடித்து, இடுக்குகளில் பஞ்சும் சணல் நாரும் திணித்தார். நடுநடுவே துறைமுகத்தில் கூலி வேலைக்கும் போனார்.

பொருட்செலவு மொத்தம் 553.62 டாலர். உழைப்பு 13 மாதம்!

1895 ஏப்ரலில் பாஸ்டனில் கிளம்பிய ஸ்ப்ரே, சுமார் 46,000 மைல் ஓடி 1898 ஜூனில் ஊர் திரும்பியது. காலம் ஒதுக்கிவைத்த படகையும் கேப்டனையும் சேர்த்தே கடலுக்கு அனுப்பியது அந்த ரிப்பேர் வேலைதான்.