அதாலை, ஆகையால், அம்மா பஃது

சண்டிலிப்பாய்ப் பக்கத்துப் பேச்சில் வாக்கியம் எங்கே முடிகிறது என்று சொல்வது கஷ்டம். "மழை வந்தது, அதாலை வரேல்லை, எண்டாலும் காசு அனுப்பினனான்" என்று நீளும். கேட்பவர் தடுமாறமாட்டார். ‘அதாலை’ காரணத்தையும் ‘எண்டாலும்’ மறுதலையையும் காட்டிவிடும். ஏட்டுத் தமிழும் இப்படித்தான். ஓலையில் முற்றுப்புள்ளி கிடையாது. ஆகையால், ஆயினும், அன்றியும் என்பனவே கருத்துத் திரும்பும் இடத்தைச் சொல்லின.

19ஆம் நூற்றாண்டில், அடுத்த ஊரான மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகம் இயங்கியது. வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் கண்டவர் ஆறுமுக நாவலர் (1822-1879). நிறுத்தக்குறிகளைத் தமிழ் உரைநடையில் ஊன்றியதில் பெரும்பங்கு அவருக்குண்டு. ஆனாலும் இணைப்புச் சொற்களை அவர் கைவிடவில்லை.

நம் அரபுத்தமிழ்க் கிதாபுகளின் நடைக்கு அரபு மரபும் துணை. ஜும்ஆ குத்பாவில் புகழுரை முடிந்து விஷயம் தொடங்குமிடத்தில் ‘அம்மா பஃது’ வருகிறதல்லவா? ‘இதற்குப் பின்’ என்பதே பொருள். தாவூது நபிக்கு அருளப்பட்டதாகக் குர்ஆன் (38:20) கூறும் ‘ஃபஸ்லுல் கிதாப்’ இதுதான் என்ற முஃபஸ்ஸிர்களும் உண்டு. சின்னச் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு!

பழைய கிதாபை மறுபதிப்பிடும்போது நீண்ட வாக்கியத்தை வெட்டத் தோன்றும். வெட்டலாம், புள்ளியும் வைக்கலாம். ஆனால், "தண்ணீர் இருந்தது, ஆயினும் அது பட்டால் நோய் கூடும், ஆகையால் தயம்மும் செய்தார்" என்பதை "தண்ணீர் இருந்தது. தயம்மும் செய்தார்" என்று சுருக்கினால் சட்டத்தின் ‘இல்லத்’தே போய்விடும். வீட்டுக் கிணறு நிறையத் தண்ணீர் இருக்க, சுகதேகி ஒருவர் இதைப் படித்துவிட்டு மண்ணைத் தேடிப் போனால் யாரைக் குறை சொல்வது?