பெங்களூர்த் திட்டமும் பதினைந்து ஆசிரியர்களும்

தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டுகள் இவ்வூரைத் தொம்பலூர் என்றும், தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் குறிப்பிடுகின்றன. அவை 13ஆம் நூற்றாண்டு ஹொய்சளர் ஆட்சிக்காலத்தை ஒட்டியவை. பெங்களூரில் ஆங்கிலேயர் 1809இல் கன்டோன்மென்ட்டை நிறுவுவதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே தமிழ் புழங்கியிருக்கிறது. இன்றும் பழைய தொம்மலூரின் சந்துகளில் வளரும் குழந்தைக்கு வீட்டில் தமிழோ தெலுங்கோ, தெருவில் கன்னடம். ஆங்கிலம் அக்குழந்தையின் காதில் விழுவது பெரும்பாலும் பள்ளியின் ஒரு பாடவேளையில் மட்டுமே. ஆனால் நடந்தே போகக்கூடிய தொலைவில் கோல்ஃப் லிங்க்ஸ் மென்பொருள் வளாகம் இருக்கிறது. அங்கே ஆங்கிலமே சம்பளம்.

நாளொன்றுக்கு முக்கால் மணிநேரம் மட்டுமே கேட்கும் ஒரு மொழியை, அறுபது பேர் நெருக்கி உட்கார்ந்திருக்கும் அரசுப் பள்ளி வகுப்பில் ஒரு குழந்தை கற்க முடியுமா? முடியும் என்றால் எவ்வாறு? இக்கேள்வியை உலகிலேயே மிகத் துணிச்சலாக எதிர்கொண்ட ஆய்வுகளுள் ஒன்று இந்த நகரத்தின் பெயராலேயே அறியப்படுகிறது. மொழி கற்பித்தல் பற்றிய எந்த ஆங்கில நூலைப் புரட்டினாலும் ‘பெங்களூர்த் திட்டம்’ என்ற பெயரைக் காணலாம். பெங்களூரில் அதைக் கேள்விப்பட்டவர் அரிது.

1979 முதல் 1984 வரை நடைபெற்ற இத்திட்டத்தை வகுத்தவர் என். எஸ். பிரபு. அப்போது அவர் சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் ஆங்கிலக் கல்விக்கான அலுவலராகப் பணியாற்றினார். பெங்களூரில் 1963இல் நிறுவப்பட்ட தென்னிந்திய ஆங்கில மண்டல நிறுவனம் துணை நின்றது. பெங்களூரோடு சென்னை, கடலூர் போன்ற ஊர்களின் பள்ளிகளிலும் வகுப்புகள் நடந்தன. ஆகவே பெயரில் பெங்களூர் இருந்தாலும், வரலாற்றில் இது தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் கதையும்தான்.

பிரபு எதை மறுத்தார் என்பதை அறிய இருபது ஆண்டுகள் பின்னே செல்ல வேண்டும். 1950களின் இறுதியில் அன்றைய சென்னை மாநிலத்தில், தொடக்க நிலை ஆங்கில ஆசிரியர்கள் 27,000 பேருக்கு மறுபயிற்சி அளிக்கும் மாபெரும் முயற்சி ஒன்று தொடங்கப்பட்டது. சிலருக்குப் பயிற்சி அளித்து, அவர்கள் மாவட்டங்களுக்குச் சென்று மேலும் பலருக்குப் பயிற்சி அளிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. உருள உருளப் பெருக்கும் பனிப்பந்தை நினைத்து ‘மெட்ராஸ் பனிப்பந்து’ என்று பெயரிட்டார்கள். பனியையே பார்த்திராத ஊருக்கு நல்ல பெயர்தான்! அந்தப் பனிப்பந்து சுமந்து சென்றது கட்டமைப்புப் பாடத்திட்டம். ஆங்கிலத்தின் வாக்கிய அமைப்புகளை எளியதிலிருந்து கடினமானதை நோக்கி வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் பொருளையோ படத்தையோ காட்டி வாய்மொழியாகப் பலமுறை சொல்லவைத்து, மனத்தில் பதிந்த பின் அடுத்ததற்குச் செல்வது அதன் முறை. ‘திஸ் இஸ் எ புக்’ என்று வகுப்பே ஒரே குரலில் முழங்கிய காலம் அது. அந்த முழக்கத்தைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்று பேரக்குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது.

அம்முறையை எள்ளி நகையாடுவது இன்று எளிது. ஆனால் அதற்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்டால் அது முன்னேற்றமே: இலக்கண விதியை மனப்பாடம் செய்து, உரைநடைப் பாடத்தைத் தாய்மொழியில் பெயர்த்துச் சொன்ன வகுப்பில் குழந்தையின் வாயிலிருந்து ஆங்கிலமே வரவில்லை. கட்டமைப்பு முறையில் வந்தது. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. வகுப்பில் பிழையின்றிச் சொன்ன வாக்கியம் வகுப்புக்கு வெளியே கைகொடுக்கவில்லை. பல வேளைகளில் அடுத்த வாரத்திற்கே கைகொடுக்கவில்லை.

இதே அதிருப்தி 1970களில் மேலை நாடுகளிலும் எழுந்தது. அங்கே கிடைத்த விடை, சூழலுக்கேற்பப் பேசக் கற்றுக்கொடுப்பது: கடையில் எப்படிக் கேட்பது, மன்னிப்பு எப்படிக் கோருவது, அழைப்பை எப்படி நாகரிகமாக மறுப்பது. பிரபு இதையும் ஏற்கவில்லை. லண்டனில் குடியேறிய ஒருவருக்கு நாளைக் காலையே தேவைப்படும் திறன் அது. கடலூர்ச் சிறுமி யாரிடம் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கோரப்போகிறாள்? அவளுக்கு வேண்டியது எதிர்காலத்தில் எந்தத் தேவைக்கும் பயன்படுத்திக்கொள்ளத்தக்க மொழியறிவு. அதாவது ஆங்கிலத்தின் இலக்கணம் அவளுக்குள் படிய வேண்டும். இந்த இடத்தில்தான் திட்டத்தைப் பற்றிப் பலர் தவறாக எழுதுகிறார்கள். பிரபு இலக்கணத்தைக் கைவிட்டவர் அல்லர். அவருடைய கேள்வி முழுவதும் இலக்கணத்தைப் பற்றியதுதான். மனம் இலக்கணத்தில் இல்லாமல் பொருளில் ஆழ்ந்திருக்கும்போதே இலக்கணம் தானாக உருவாகும் என்பது அவருடைய கருதுகோள். பேசுவதற்காகக் கற்பித்தல் வேறு, பேச்சின் வழியாகக் கற்பித்தல் வேறு என்று அவர் பிரித்ததும் இதனால்தான்.

எனவே பாடநூல் நீங்கியது. வாக்கிய அமைப்புகளின் பட்டியல் நீங்கியது. சொற்பட்டியலும் நீங்கியது. அவற்றின் இடத்தில் வந்தவை பணிகள்: ரயில் கால அட்டவணை, ஊர்களின் வரைபடம், நாட்காட்டி, பள்ளியின் பாடவேளை அட்டவணை, கடையில் பொருட்களின் விலை, சங்கமொன்றில் உறுப்பினராவதற்கான விதிகள். பணிகளைப் பிரபு மூவகையாகப் பிரித்தார். ஒருவரிடம் உள்ள தகவல் மற்றவரிடம் இல்லாதிருப்பது தகவல் இடைவெளி. தெரிந்த தகவலிலிருந்து தெரியாததைச் சிந்தித்து அடைவது தருக்க இடைவெளி. சொந்தக் கருத்தைச் சொல்ல வேண்டியிருப்பது கருத்து இடைவெளி. இவற்றுள் இரண்டாவதே அவருக்கு உகந்ததாயிற்று. அங்கே விடை சரியா தவறா என்பது தெளிவு. ஆனால் அதை அடையச் சொற்களைத் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்த்தாக வேண்டும்.

ஒரு வகுப்பை எண்ணிப் பார்க்கலாம். சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே ஓடும் இரண்டு ரயில்களின் கால அட்டவணையை ஆசிரியர் கரும்பலகையில் எழுதுகிறார். எந்த ரயில் விரைவானது, காட்பாடியில் எவ்வளவு நேரம் நிற்கிறது, பெங்களூரில் மாலை நான்கு மணிக்கு இருக்க வேண்டியவர் எதில் ஏற வேண்டும் என்று வகுப்பினர் அனைவரிடமும் ஆங்கிலத்தில் கேட்கிறார். குழந்தை ‘சிக்ஸ் ஓ கிளாக் லீவ்’ என்கிறது. ‘யெஸ், இட் லீவ்ஸ் அட் சிக்ஸ்’ என்று ஆசிரியர் இயல்பாகச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறார். பிழையை நிறுத்தி விளக்குவதில்லை, வகுப்பைத் திருப்பிச் சொல்லவைப்பதும் இல்லை. வீட்டில் குழந்தை தவறாகப் பேசினால் தாய் என்ன செய்வாரோ அதுவே இது. இவ்வாறு அனைவரும் சேர்ந்து செய்வது முன்பணி. பிறகு அதேபோன்ற வேறோர் அட்டவணை தரப்படும். அதை ஒவ்வொருவரும் தனித்தனியே எழுத்தில் முடிக்க வேண்டும். வகுப்பில் பாதிப் பேராவது பணியில் பாதியையாவது சரியாகச் செய்தால் அப்பணி ஏற்ற அளவில் கடினமானது. இல்லையேல் மாற்ற வேண்டும். பாடத்திட்டம் என்று ஒன்று இருந்ததென்றால், அது இந்த அளவுகோல்தான்.

குழுவாகப் பிரிந்து பேசும் பயிற்சியை அவர் தவிர்த்தார். தங்களுக்குள் மட்டுமே பேசும் தொடக்கநிலைக் கற்போரின் ஆங்கிலம் அரைகுறையாகவே இறுகிவிடும் என்பது அவர் அச்சம். ‘பணிவழிக் கற்பித்தல்’ என்ற பெயரில் இன்று இந்தியப் பயிற்சி அரங்குகளில் குழு விளையாட்டுகளை நடத்துவோர் தம் முன்னோடியாக இவரைக் குறிப்பிடும்போது இச்செய்தி மட்டும் விடுபட்டுப்போகிறது.

இவையெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது வகுப்பறைக்கு வெளியே பெங்களூர் கொதித்துக்கொண்டிருந்தது. உயர்நிலைப் பள்ளிகளில் கன்னடத்துக்கே முதல்மொழி இடம் தர வேண்டும் என்று கோகாக் குழு 1981இல் பரிந்துரைத்தது. அதை நிறைவேற்றக் கோரிய 1982ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் நடிகர் ராஜ்குமார் முன்னின்றார். தமிழும் உருதும் வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பங்கள் நிறைந்த பகுதிகளுக்கு அது தங்கள் பிள்ளைகளின் பாடப்பட்டியலைப் பற்றிய நேரடிக் கேள்வி. குழுவின் தலைவரான கன்னடப் பெருங்கவிஞர் வி. கே. கோகாக், அதற்கு முன் ஹைதராபாத்தின் மத்திய ஆங்கில நிறுவனத்தில் இயக்குநராக இருந்தவர். ஆங்கிலம் கற்பிக்கும் கலைக்கு இந்தியாவில் அமைப்பு வடிவம் தந்தவர்களுள் ஒருவரே கன்னடத்தின் முதன்மைக்காகவும் நின்றார் என்பதில் முரண் ஏதுமில்லை. முரணாகத் தோன்றுவது நம் பார்வைக் கோளாறு. எந்த மொழி முதலில் என்பது தெருவின் கேள்வி. விதி முதலிலா பொருள் முதலிலா என்பது பிரபுவின் கேள்வி. இரண்டையும் ஒருசேர எழுப்பியவர் அன்று எவருமில்லை. அந்தப் பிளவு இன்றும் தொடர்கிறது.

1984இல் எடின்பரோவிலிருந்து ஆலன் டேவிஸும் ஆலன் பெரெட்டாவும் மதிப்பீட்டுக்கு வந்தார்கள். நான்கு பள்ளிகளில் திட்டத்தின் வகுப்பையும் வழக்கமான வகுப்பையும் ஒப்பிட்டார்கள். தேர்வுகள் ஐந்து. வழக்கமான முறைக்குச் சாதகமான கட்டமைப்புத் தேர்வு ஒன்று, திட்டத்துக்குச் சாதகமான பணித் தேர்வு ஒன்று, எப்பக்கமும் சாயாத மூன்று: சூழலோடு கூடிய இலக்கணம், சொல்வதெழுதுதல், கேட்டும் படித்தும் புரிந்துகொள்ளுதல். கட்டமைப்புத் தேர்வில் வழக்கமான வகுப்பினரும் பணித் தேர்வில் திட்ட வகுப்பினரும் முந்தியது எதிர்பார்த்ததே. சாயாத தேர்வுகளில் சூழலோடு கூடிய இலக்கணத்திலும் சொல்வதெழுதுதலிலும் பெரும்பாலும் திட்ட வகுப்பினரே முந்தினர். பிரபுவின் கருதுகோளுக்கு ஓரளவு ஆதரவு கிடைத்தது என்று மதிப்பீட்டாளர்கள் எச்சரிக்கையோடு எழுதினார்கள். எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. மாணவர்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை, ஏற்கெனவே இருந்த வகுப்புகளே ஒப்பிடப்பட்டன. வேறுபாடு முறையால் வந்ததா, ஆசிரியரால் வந்ததா என்று அந்த எண்களைக் கொண்டு பிரித்தறிய இயலாது.

பிற்கால நூல்கள் பெரும்பாலும் இம்மதிப்பீட்டோடு நின்றுவிடுகின்றன. ஆனால் பெரெட்டா 1990இல் வெளியிட்ட இரண்டாவது ஆய்வே கனமானது. மாணவரை விட்டுவிட்டு அவர் ஆசிரியரைப் பார்த்தார். திட்டத்தில் பாடம் நடத்திய 15 பேரின் பதிவுகளை ஆராய்ந்து, அவர்களை மூன்று நிலைகளில் வைத்தார். முறையின் வெளித்தோற்றத்தை மட்டும் பற்றியவர்கள் முதல் நிலை. புரிந்துகொண்டு சீராகச் செய்தவர்கள் இரண்டாம் நிலை. அதைத் தம்முடையதாக்கிக்கொண்டு தேவைக்கேற்ப வளைக்கவும் வளர்க்கவும் தெரிந்தவர்கள் மூன்றாம் நிலை. முதல் நிலையிலேயே நின்றவர்கள் ஏறத்தாழ 40 விழுக்காடு. மூன்றாம் நிலையை எட்டியவர்கள் இருவர். அப்பள்ளிகளின் வழக்கமான ஆசிரியர்களில் பெரும்பாலோர் முதல் நிலையில் இருந்தார்கள். முறையைச் செவ்வையாகக் கையாண்டவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து விரும்பி வந்து பாடம் நடத்திய கல்வியாளர்கள்.

இதை ஆசிரியர்மீதான குற்றச்சாட்டாகப் படிப்பது பெருந்தவறு. அவர் வகுப்பில் பாடநூல் இல்லை. அடுத்து குழந்தை என்ன சொல்லும் என்று தெரியாது. எது சொன்னாலும் அந்த நொடியிலேயே ஆங்கிலத்தில் மறுமொழி சொல்ல வேண்டும். தானே கட்டமைப்பு முறையில் பயின்று, பிறர் காதில் விழும்படி ஆங்கிலம் பேச நேர்ந்ததே அரிதாக வாழ்ந்த ஒருவருக்கு இது வெட்டவெளியில் நிற்பதைப் போன்றது. கட்டமைப்புப் பாடநூல் குழந்தைக்கு எவ்வளவு பயன்பட்டதோ தெரியாது. ஆசிரியருக்கு அது கூரையாக இருந்தது.

பிரபு இதை உணர்ந்திருந்தார் என்றே அவருடைய பிற்கால எழுத்துகள் காட்டுகின்றன. 1987இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட திட்டத்தைப் பற்றிய நூலில், தம் முறையை அனைவர்மீதும் சுமத்துவதற்கு எதிராக அவரே வாதிடுகிறார். பிறகு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, 1990இல் எழுதிய கட்டுரையில் சிறந்த முறை என்று ஒன்று ஏன் இருக்க முடியாது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். இப்படிச் செய்தால் இப்படிக் கற்பார்கள் என்று ஆசிரியருக்குள் உயிரோடிருக்கும் ஒரு நம்புதிறன்தான் முக்கியம். அது செத்துப்போன இடத்தில் எந்த முறையும் வெறும் சடங்கு என்பது அவர் வாதம். முறையைத் தேடிப் புறப்பட்டவர் ஆசிரியரிடம் வந்து சேர்ந்தார். பெரெட்டாவின் பதினைந்து பேர் ஆய்வும் அதே ஆண்டில்தான் வெளிவந்தது.

கர்நாடகம் 2007இல் அரசுப் பள்ளிகளின் முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலத்தை ஒரு பாடமாக்கியது. 2019இல் ஆயிரம் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகளைத் திறந்தது. பெற்றோர் திரண்டு வந்தார்கள்; அவர்களைக் குறைசொல்ல எவருக்கும் தகுதியில்லை. கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் நடத்தினால் மொழி தானாக வந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு மேலோட்டமாகப் பார்த்தால் பிரபுவின் கருதுகோளைப் போலவே இருக்கிறது: மனம் பொருளில் இருக்கட்டும், இலக்கணம் பின்னால் வரும். ஆனால் பிரபுவின் வகுப்பில் மனம் உண்மையிலேயே பொருளில் இருந்தது. ரயில் எப்போது புறப்படும் என்று கணக்கிடும் திறன் குழந்தையிடம் முன்பே இருந்தது. மொழி மட்டுமே புதிது. பாதிப் பேருக்காவது பாதியாவது கைகூடுகிறதா என்று ஆசிரியர் ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒளிச்சேர்க்கையும் புதிது, அதைச் சொல்லும் மொழியும் புதிது என்ற வகுப்பில் இந்த இரண்டு நிபந்தனைகளும் இல்லை. அங்கே கேள்விக்கான விடையைக் கரும்பலகையில் எழுதிப்போடுகிறார்கள். பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதி, ஒரே குரலில் திருப்பிச் சொல்கிறார்கள்.