கரைக்கு அப்பால் ஒரு காடு

கோலா சிலாங்கூருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மலாவத்தி மலையில் ஏறி, குரங்குகளுக்குக் கச்சான் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். (கொடுக்காமல் இருப்பதே நல்லது.) அங்கிருந்த கோட்டையை 1784-இல் டச்சுக்காரர் பிடித்து, அல்திங்ஸ்பர்க் என்று பெயரிட்டனர். மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் அதை மீட்டார். இன்று நாம் பார்க்கப்போவது கோட்டையை அல்ல. மலையடியில் இருக்கும் இயற்கைப் பூங்காவை.

அதன் கதை ஒரு கரையில் தொடங்குகிறது. கரை என்றால் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? கடலோரத் தென்னந்தோட்டங்களில் உப்புநீர் ஏறாமல் கரை போட்டு, வாய்க்கால் வெட்டி, மதகு வைத்தே நிலத்தைக் காத்தார்கள். அதில் நம்மவர் வியர்வை நிறைய உண்டு. இதே மாவட்டத்தில்தான் 1917-இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகோனியே நாட்டின் முதல் வாணிக எண்ணெய்ப்பனைத் தோட்டத்தைப் போட்டார். அதன் பெயர் தென்னமரம். பனை நட்ட இடத்துக்குத் தென்னையின் பெயர், அதுவும் தமிழில்!

பயிர் நிலத்துக்காக இங்கும் கரை எழுந்தது. வெளிப்பக்கம் அலை ஏறி இறங்குகிறது. பாக்காவ் மரங்கள் வேர்களைக் கால்போல் ஊன்றி நிற்கின்றன. உள்பக்கம் கடல்நீர் நின்றுபோனதால் பாக்காவ் மெல்ல மடிந்து, வேறு மரங்கள் இடம் பிடித்தன. கரைமேல் நடந்தால் இரண்டு காடுகளையும் ஒரே பார்வையில் காணலாம். எஞ்சியதையாவது காக்க வேண்டுமென்று மலாயா இயற்கைக் கழகம் முனைந்தது. மாநில அரசின் ஆதரவோடு 1987-இல் பூங்கா அமைந்தது. உள்ளே ஏரி ஒன்றும் வெட்டப்பட்டது.

வெறும் சேற்றைக் காப்பதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். சைபீரியாவில் குஞ்சு பொரிக்கும் உள்ளான்கள் பனிக்கு முன்பே தெற்கே கிளம்பிவிடுகின்றன. சில ஆஸ்திரேலியா வரை போகும். நடுவழியில் அவற்றுக்குச் சோறு இந்தச் சேற்றில் நெளியும் புழுவும் நண்டும்தான். சேறு மேடாகிவிட்டால் வேறெங்கே இறங்கும்? செப்டம்பர் முதல் மார்ச் வரை, நீர் வற்றும் வேளையில் அவை மேய்வதைக் காணலாம்.

விடியற்காலையில் போங்கள், கொசுவுக்கு நீண்ட கைச்சட்டை போடுங்கள். பிள்ளைகள் சத்தம் போடாமல் இருந்தால் மீன்கொத்தியும் நாரையும் அருகிலேயே உட்காரும். மரக்கிளைகளில் லோத்தோங் குரங்கையும் தேடுங்கள். தாய் சாம்பல் நிறம். மடியில் இருக்கும் குட்டியோ நல்ல ஆரஞ்சு நிறம். யார் வீட்டுப் பிள்ளையைத் தூக்கி வந்ததோ என்றுதான் முதலில் தோன்றும்.