பெயர் யாருடையது? ஓப்பன் ஆபிஸிலிருந்து லிப்ரே ஆபிஸ் வரை

'திறந்த மூலம்' பற்றி நம்மிடையே நடக்கும் பேச்சில் ஒரு குழப்பம் தொடர்ந்து இருந்துவருகிறது. நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிரதி எடுத்துக் கொடுக்கலாம் என்று உரிமத்தில் எழுதியாகிவிட்டது, ஆகவே அது பொதுச்சொத்து, அதற்கு முதலாளி கிடையாது என்கிறது ஒரு தரப்பு. ஓசியில கொடுக்கிறவன் லாபம் இல்லாமலா கொடுப்பான் என்கிறது மற்றது. இரண்டுமே உடைமை என்பதைப் பொருளோடு நிறுத்திக்கொள்கின்றன. பொருளைச் சுற்றி நிற்கும் பெயர், பதிப்புரிமைப் பத்திரம், முடிவெடுக்கும் குழு ஆகியவை யார் கையில் இருக்கின்றன என்பதை இரண்டுமே கேட்பதில்லை. சிற்றிதழ் நடத்திப் பிரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எழுதியவர்கள் மொத்தமாக வெளியேறிவிடலாம்; இதழின் பெயர் யார் பேரில் பதிவாகியிருக்கிறதோ அவரிடமே தங்கிவிடும். ஓப்பன் ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளின் வரலாற்றை இந்தக் கேள்வியோடுதான் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதன் தொடக்கம் வெறும் வியாபாரம். 1985இல் ஜெர்மனியின் ல்யூனெபர்க் நகரில் மார்கோ போரீஸ் என்ற பள்ளி வயதுப் பையன் ஆரம்பித்த ஸ்டார் டிவிஷன் கம்பெனி, எழுதுவதற்கும் கணக்கிடுவதற்குமான மென்பொருளை விற்றுவந்தது. 1999இல் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை 7 கோடியே 35 லட்சம் டாலருக்கு வாங்கியது. சன்னில் வேலைபார்த்த சைமன் ஃபிப்ஸ் பின்னாளில் இதற்குச் சொன்ன காரணம் ரொம்ப எளிமையானது. தன் ஊழியர் அனைவருக்கும் மைக்ரோசாஃப்டிடம் உரிமம் வாங்குவதைக் காட்டிலும் இந்தக் கம்பெனியையே வாங்கிவிடுவது மலிவாகப் பட்டது என்பதுதான் அது. 2000 ஜூலையில் நிரலைத் திறக்கப்போவதாக அறிவித்து அக்டோபர் 13 அன்று திறந்தது சன். போட்டியாளனின் சந்தையைக் கரைக்க, தான் விற்க முடியாததை எல்லோருக்கும் கொடுத்துவிடுவது. முதலாளியத்துக்குள் இது தெரிந்த உத்திதான். தானம் என்று இதை நாம் கொண்டாட வேண்டியதில்லை.

ஆனால் அந்த அறிவிப்போடு ஒரு வாக்குறுதியும் வந்தது. இந்தத் திட்டம் காலப்போக்கில் ஒரு சுயேச்சையான அறக்கட்டளையின் கீழ் வரும் என்பதே அது. பத்து வருஷம் அது காகிதத்திலேயே கிடந்தது. அந்தப் பத்து வருஷத்தில் நடந்ததென்ன? திருத்தமோ புதிய வசதியோ எழுதி அனுப்புகிற ஒவ்வொருவரும் தன் படைப்பின் பதிப்புரிமையை சன்னோடு பகிர்ந்து கையெழுத்திட வேண்டும். உரிமம் மற்றவர்களைக் கட்டுப்படுத்தும். பத்திரத்தைக் கையில் வைத்திருந்த சன்னை அது கட்டுப்படுத்தாது. எனவே தன்னார்வலர் எழுதியதையும் சேர்த்து 'ஸ்டார் ஆபிஸ்' என்ற பெயரில் மூடிய பொருளாக விற்க சன்னால் முடிந்தது. இதில் ஏமாற்று ஏதுமில்லை, எல்லாம் எழுத்தில் இருந்தது. கூலி கொடுக்காத உழைப்பிலிருந்து உபரி எப்படி எடுக்கப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேடிப்போக வேண்டாம். கையெழுத்துப் போட மறுத்தவர்களின் திருத்தங்களும், சன் சேர்த்துக்கொள்ளாமல் காக்கவைத்த திருத்தங்களும் தனியே திரண்டன. நாவெல் கம்பெனியின் நிரலாளர்கள் முன்னின்று அவற்றை 'கோ-ஊ' என்ற தொகுப்பாக வெளியிட்டார்கள். பல லினக்ஸ் வெளியீடுகளில் ஓப்பன் ஆபிஸ் என்ற பெயரில் ஜனங்கள் பயன்படுத்தியது உண்மையில் இந்தத் தொகுப்பைத்தான். பிளவு என்று யாரும் சொல்லாத பிளவு அது.

2010 ஜனவரியில் சன்னை ஆரக்கிள் விழுங்கியது. அந்த ஆகஸ்டிலேயே இரண்டு காரியங்கள் நடந்தன: ஜாவா தொடர்பாக கூகுள் மீது ஆரக்கிள் வழக்குப் போட்டது, ஓப்பன் சோலாரிஸ் என்ற இயங்குதளத்தின் திறந்த வளர்ச்சி நிறுத்தப்பட்டு, அதன் நிர்வாகக் குழு ஒட்டுமொத்தமாக ராஜினாமா செய்தது. அடுத்து யார் என்பது ஓப்பன் ஆபிஸ்காரர்களுக்குப் புரிந்திருக்கும். செப்டம்பர் 28 அன்று 'டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன்' அறிவிக்கப்பட்டது. 2000இல் தரப்பட்ட வாக்குறுதியைத்தான் நிறைவேற்றுகிறோம் என்றார்கள். பிளக்க வந்தவர்களாக அல்லாமல் வாரிசுகளாகத் தங்களை முன்வைத்த நுணுக்கம் கவனிக்கத்தக்கது. அறக்கட்டளையில் சேர ஆரக்கிளையே அழைத்தார்கள், பெயரைத் தரும்படி கேட்டார்கள். அது வரும்வரை தற்காலிகமாக 'லிப்ரே ஆபிஸ்' என்று வைத்துக்கொண்டார்கள்.

ஆரக்கிள் பெயரைத் தரவில்லை. அக்டோபரில் ஓப்பன் ஆபிஸின் சமூகக் குழு கூடியபோது, புதிய அறக்கட்டளையில் இருப்பவர்களுக்கு 'நலன் முரண்' இருக்கிறது, பதவி விலகுங்கள் என்று சொல்லப்பட்டது. அவர்கள் போனபின் 'சமூகக்' குழுவில் மிஞ்சியவர்கள் ஆரக்கிளின் ஊழியர்கள் மட்டுமே. சமூகம் என்ற சொல்லைக் கம்பெனி எப்படிப் பயன்படுத்துகிறது என்று கட்டுரை எழுத வேண்டியதில்லை, அந்த உறுப்பினர் பட்டியலே போதும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. வெளியேறியவர்கள் ஏதோ கம்யூன் அமைக்கப் போன ஏழைகள் அல்ல. புதிய அறக்கட்டளையை வாழ்த்தியோர் வரிசையில் கூகுள், ரெட் ஹாட், நாவெல், கனானிக்கல் எல்லாம் இருந்தன. ஒரு முதலாளிக்கு எதிராக வேறு முதலாளிகளும் தன்னார்வலர்களும் சேர்ந்த கூட்டணி அது. அதனாலேயே, யாரும் யாரையும் விழுங்காமல் இருக்க அமைப்புவிதி எழுதுவது அவர்களுக்கு வாழ்வா சாவா பிரச்சினையாக இருந்தது.

அதற்கு அவர்கள் தேர்ந்தது ஜெர்மன் சட்டத்தில் உள்ள 'ஸ்டிஃப்டுங்' என்ற வடிவம். அதற்குப் பங்குதாரர் கிடையாது, எனவே யாரும் அதை விலைக்கு வாங்க முடியாது. குறிக்கோளைப் பின்னால் வருகிறவர்கள் நினைத்தபடி மாற்ற முடியாது. அரசின் மேற்பார்வையும் உண்டு. மூலதனமாக 50,000 யூரோ வேண்டும் என்று 2011 பிப்ரவரியில் பொதுமக்களிடம் கேட்டார்கள், எட்டே நாளில் சேர்ந்துவிட்டது. 2012 பிப்ரவரி 17 அன்று பெர்லினில் சட்டப்படி பதிவானது. காசு கொடுத்து இதில் உறுப்பினராக முடியாது. மூன்று மாதமாவது உழைத்திருக்க வேண்டும், இன்னும் ஆறு மாதம் உழைப்பேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நிரல் எழுதுவது மட்டும்தான் உழைப்பு என்றில்லை. மொழிபெயர்ப்பு, ஆவணப்படுத்தல், பிழை சோதிப்பது எல்லாம் கணக்கில் வரும். அந்த உறுப்பினர்கள்தான் நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரே கம்பெனியின் ஆட்கள் அதில் நிறைந்துவிடாதபடி உச்சவரம்பும் வைக்கப்பட்டது. பதிப்புரிமையை எழுதிக்கொடு என்று யாரையும் கேட்பதில்லை. எழுதினவன் பேரிலேயே அது இருக்கிறது. பத்து வருஷம் பட்டதைப் பார்த்துப் பார்த்து எழுதிய விதிகள் இவை என்பது படித்தாலே தெரியும்.

பெயரின் கதை என்ன ஆயிற்று? ஆட்கள் போனபின் ஆரக்கிளுக்கு அதில் ருசி போய்விட்டது. 2011 ஜூனில் நிரலையும் பெயரையும் கொடுத்துவிட்டது, லிப்ரே ஆபிஸுக்கு அல்ல, அப்பாச்சி அறக்கட்டளைக்கு. அதுவும் லாப நோக்கற்ற அமைப்புதான், மரியாதைக்குரியதுதான். ஆனால் இந்த மென்பொருளை எழுதியவர்களில் பெரும்பாலோர் அங்கே இல்லை. உரிமங்களின் இயல்பால், அப்பாச்சி பக்கம் எழுதியதை லிப்ரே ஆபிஸ் எடுத்துக்கொள்ள முடிந்தது, திரும்ப அந்தப் பக்கம் போக முடியவில்லை. 2016இல் அப்பாச்சி ஓப்பன் ஆபிஸை மூடிவிடலாமா என்று அதன் பொறுப்பாளர்களே விவாதிக்க நேர்ந்தது. மூடவில்லை. பழைய பெயரைத் தேடி வருகிறவர்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். பெயர் என்பது வெறும் குறி அல்ல, பத்து வருஷ உழைப்பு அதில் உறைந்து கிடக்கிறது.

பெர்லினோடு எல்லாம் முடிந்துவிட்டதா? இல்லை. நிரலில் பெரும்பகுதியை எழுதியவர்கள் அதன்பிறகும் கம்பெனிகளின் சம்பளக்காரர்கள்தான். 2013இல் சூசே கம்பெனி தன் லிப்ரே ஆபிஸ் குழுவை விட்டுவிட, அவர்கள் இங்கிலாந்தின் கொலாபராவுக்குப் போனார்கள். அரசாங்கங்களும் பெரிய நிறுவனங்களும் இலவசமாக இறக்கிக்கொண்டு, உழைக்கிறவனுக்கு ஒரு காசு தராமல் போவது தொடர்ந்தது. 2020இல், இலவசப் பதிப்புக்குத் 'தனிநபர் பதிப்பு' என்று பெயர் வைத்தால் பெரிய நிறுவனங்கள் கூச்சப்பட்டாவது காசு கொடுக்கும் என்று ஒரு யோசனை வந்தது. வந்ததே கலவரம்! சுதந்திர மென்பொருளுக்கு ஏன் வேலி என்று தன்னார்வலர்கள் கேட்டார்கள். எங்களுக்கு யார் சோறு போடுவது என்று கம்பெனிக்காரர்கள் கேட்டார்கள். மறுபடியும் பெயர்ச் சண்டைதான், இம்முறை வீட்டுக்குள்ளே. 2021இல் 'சமூகப் பதிப்பு' என்று சமரசமானது. அதற்கு முன்பே, உலாவியில் இயங்கும் பதிப்பைக் கொலாபரா தன் சொந்தப் பெயரில் தனியே எடுத்துப்போய்விட்டது. இரு தரப்பிலும் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். லாப நோக்கற்ற வடிவம் உடைமைப் பிரச்சினையைத் தீர்த்தது. கூலிப் பிரச்சினையை அது தொடவில்லை.

2023 வாக்கில் அறக்கட்டளை நன்கொடைப் பணத்திலிருந்து தானே நிரலாளர்களைச் சம்பளத்துக்கு எடுக்கத் தொடங்கியது. சொந்த ஆட்களை வைத்துக்கொண்டு கம்பெனிகளோடு போட்டி போடுவதா என்று இதற்கும் உள்ளே வருஷக்கணக்கில் தகராறு. அவர்களிடம் ஒப்படைத்த வேலைகளில் முக்கியமானது, வலமிருந்து இடம் எழுதும் அரபி, ஹீப்ரு போன்ற மொழிகளிலும், எழுத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து உருமாறும் வரிவடிவங்களிலும் கிடந்த பழைய பிழைகளைச் சரிசெய்வது. வாடிக்கையாளர் யாரும் காசு கொடுத்துக் கேட்காததால் கிடந்த பிழைகள் அவை. 'கொ' என்பதில் எழுத்துக்கு இரு பக்கமும் குறி வருகிற நம் தமிழும் அந்த வரிவடிவங்களில் ஒன்று.