பூ இல்லாத சண்பக வாசனை

சண்பகத் தைலம்னா பூவிலிருந்து எடுத்ததுன்னுதான் நினைப்போம். 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையின் 'கந்தயுக்தி' அத்தியாயம் வேறு வழி சொல்கிறது.

பத்திரம், துருஷ்கம், வாலம், தகரம் நான்கும் சம அளவு. இதுதான் அடிப்படைக் கலவை. இதோடு சந்தனம் சேர்த்தால் சண்பக வாசனை. கோஷ்டம் சேர்த்தால் நீலோற்பலம். வேறு சில சரக்குகள் சேர்த்துப் புகையூட்டினால் மகிழம்பூ. எதிலும் பூ கிடையாது! கோட் எழுதறவங்களுக்குப் பழகின முறைதான்: பொதுவான ஒரு பகுதி, அதன்மேல் மாறும் ஒரு பகுதி. 16 பொருளில் 4-ஐத் தேர்ந்தெடுக்க 1820 வழி என்ற கணக்கும் அதே அத்தியாயத்தில் இருக்கு.

இன்று இதைச் செய்து பார்க்கச் சிக்கல் அளவில் இல்லை, பெயரில்தான். துருஷ்கம் என்பது ஸ்டோராக்ஸ் பிசின் என்கிறார்கள். தகரம் எந்தச் செடி என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை.

ஆனா ஒரு வசதி இருக்கு. மறைந்துபோன சென்ட்டை மீட்கிறவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க அசல் கிடைக்காது. இங்கே அசல் வருஷாவருஷம் பூக்குது. தகரம் என்று சொல்லப்படும் ஒவ்வொரு வேரையும் போட்டுக் கலந்து, சண்பகப் பூவோடு சேர்த்து முகர்ந்து பார்க்கலாம். எது நெருங்கி வருதோ, அது அகராதியைவிட நல்ல சாட்சி.