பிள்ளையோடு செத்தவள்

பிரசவ வார்டில் வேலை முடித்து, டெக்சஸின் 288ஆம் சாலையில் ஊர்ந்து பேர்லேண்ட் வந்து சேர்ந்தால் எனக்குப் பேய்ப்படம் பார்க்க வேண்டும். வீட்டில் யாருக்கும் இது புரிவதில்லை. அப்படிச் சிக்கியதுதான் ‘நாங் நாக்’. நோன்சீ நிமிபுத்ர் இயக்கி 1999இல் வந்த தாய்லாந்துப் படம். அங்கே ஓஹோவென்று ஓடியது. நம்மவர்களில் பார்த்த ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

மாக் போருக்குப் போகிறான். மனைவி நாக் பிரசவத்தில் பிள்ளையோடு செத்துப்போகிறாள். திரும்பி வந்தவனுக்கு அது தெரியாது, அவளும் சொல்வதில்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு குடும்பம் நடத்துகிறாள். படம் 1868ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தில் தொடங்குகிறது. சயாம் அரசர் மோங்குட் காட்டுக்குப் போய்ப் பார்த்து, காய்ச்சல் கண்டு இறந்தாரே, அந்தக் கிரகணம். அதையே சென்னை மாகாணத்துக் குண்டூரில் இருந்து பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் பார்த்தார். கிரகணத்தன்று கர்ப்பிணியை வாசலுக்கே விடாத நமக்கு இந்தத் தொடக்கத்தை யாரும் விளக்க வேண்டாம்.

நாக்கின் கதைக்கு வேர் உண்டு. 1899 மார்ச்சில் ‘சயாம் பிரபேத்’ இதழில் குலாப் என்பவர் எழுதினார்: ப்ரா கனோங் ஊர்த்தலைவரின் மகள் நாக் கர்ப்பிணியாக இறந்தாள், அப்பா மறுமணம் செய்தால் சொத்து பங்காகிவிடுமே என்று பயந்த அவள் மகன், பெண்வேடம் போட்டுப் படகுகள்மேல் கல்லெறிந்து பேய்க்கதையைக் கிளப்பிவிட்டான். பேயைவிட இந்தப் பையனைத்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. பாங்காக்கின் மகாபுத் விகாரையில் இன்றும் அவளுக்குச் சன்னதி இருக்கிறது. பட்டு உடைகள், பிள்ளைக்குப் பொம்மைகள், அவள் பார்க்க ஒரு டிவி. பட்டாளத்துக்குச் சீட்டு விழக்கூடாது என்று வாலிபர்கள் வேண்டிக்கொள்கிறார்கள். புருஷனைப் பட்டாளத்துக்குக் கொடுத்தவள் அல்லவா.

என் அப்பத்தா ஊர் புதுக்கோட்டைப் பக்கம். பிள்ளையோடு செத்தவளுக்கு அங்கே சன்னதி கிடையாது, கல்தான். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒன்றைக் குறுக்கே போட்டால் சுமைதாங்கி. நெஞ்சளவு உயரம் இருக்கும். விறகுக்கட்டோ நெல்மூட்டையோ சுமந்து வருபவர், இறக்கிவிட ஆள் தேடாமல் அதன்மேல் சாய்த்து வைக்கலாம். திரும்பத் தூக்கவும் இன்னொருவர் கை வேண்டாம். வழிப்போக்கர் இறக்கும் ஒவ்வொரு சுமைக்கும் அவள் வயிற்றுப் பாரம் குறையும் என்பது நம்பிக்கை. சில கற்களில் அவள் பெயரும் இருக்கும். யாழ்ப்பாணத்திலும் இந்த வழக்கம் உண்டு. பஸ்ஸும் லாரியும் வந்தபின் தலைச்சுமை போயிற்று. எங்கள் ஊர்க் கல், சாலையை அகலமாக்கியபோது பெயர்ந்து ஓரத்தில் கிடந்தது.

படத்தின் பிரசவக் காட்சியை என்னால் படமாகப் பார்க்க முடியவில்லை. வலி எடுத்து எவ்வளவு நேரமாயிற்று என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பேர்லேண்ட் மீனாட்சி கோயிலில் சாப்பிடும்போது தோழியிடம் படத்தின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். எதிரே ஒரு நிறைமாதப் பெண். “வயித்துப்புள்ளக்காரி முன்னாடி பேசுற பேச்சாம்மா இது?” என்று அவள் மாமியார் அதட்டினார். வாயை மூடிக்கொண்டேன். அவர் தண்ணீர் எடுக்க எழுந்து போனதும் அந்தப் பெண் குனிந்து கேட்டாள்: “அப்புறம் அந்த மாக் என்ன ஆனான், அக்கா?”